சிட்டி ரோபோ ராணுவத்துக்கு வந்தாச்சா? சினிமா ஆயுதங்களில் எது நிஜம், எது கற்பனை?

திருவண்ணாமலை - செஞ்சி சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊர்களில், ராணுவத்தில் சேர நினைக்கும் இளைஞர்கள் முதலில் தயாராவது 1.6 கி.மீ. ஓட்டத்துக்குத்தான். ஆனா சினிமாவில் வரும் எதிர்கால வீரன் கவச உடையில் பறக்கிறான். இல்லைன்னா அவனுக்குப் பதிலா ரோபோ சண்டை போடுது. இதில் எதெல்லாம் நிஜமாகிவிட்டது?

இரும்புக் கவச உடை வந்துவிட்டதா?

இல்லை. ராபர்ட் ஹெய்ன்லைன் 1959-ல் எழுதிய 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில் வீரர்கள் இயந்திரக் கவசம் அணிந்து தாவித் தாவிச் சண்டையிடுவார்கள். அதே பாணியில் ஒரு உடையை உருவாக்க அமெரிக்கா 2013-ல் 'டாலோஸ்' திட்டத்தை அறிவித்தது. முழு உடை கைகூடாததால் 2019-ல் அதைக் கைவிட்டது.

இந்தியாவின் திட்டம் 'எஃப்-இன்சாஸ்'. 2022 ஆகஸ்ட்டில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஏகே-203 துப்பாக்கி, குண்டு துளைக்காத ஹெல்மெட், கவச அங்கி, தகவல் தொடர்புக் கருவி எல்லாம் இதில் அடக்கம். பறக்க முடியாது!

ரோபோக்கள்?

வந்தாச்சு. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' படித்தவர்களுக்கு ஜீனோ என்ற ரோபோ நாயை ஞாபகம் இருக்கும். 2025 ஜனவரி 15-ல் புனேவில் நடந்த ராணுவ தின அணிவகுப்பில் நான்கு கால் ரோபோக்கள் நிஜமாகவே நடந்து வந்தன. இவற்றின் முக்கிய வேலை கண்காணிப்பதும் சுமை தூக்குவதும்தான்.

நம்ம சென்னை ஆவடியில் உள்ள டிஆர்டிஓ ஆய்வகம், ஆளில்லா கவச வாகனமான 'முந்த்ரா'வை 2017-ல் அறிமுகப்படுத்தியது. இதில் கண்காணிப்பு, கண்ணிவெடி தேடுதல், அணுக்கதிர் பகுதிகளில் உளவு என மூன்று வகை உண்டு.

'எந்திரன்' கிளைமாக்ஸ் சாத்தியமா?

சிட்டிகள் ஒன்றுசேர்ந்து பந்தாகவும் பாம்பாகவும் மாறும் காட்சி கற்பனைதான். ஆனா பல இயந்திரங்கள் ஒரே படையாகச் செயல்படும் உத்தி நிஜம். 2021 ராணுவ தினத்தில் டெல்லியில் 75 டிரோன்கள் கூட்டாகப் பறந்து, இலக்குகளைத் தாக்குவதைச் செய்து காட்டின.

அப்போ எது சிக்கல்?

சுடுவது யார் முடிவு என்பதுதான். 2010-ல் வந்த 'எந்திரன்' படத்தில், வசீகரன் சிட்டியை உருவாக்குவதே ராணுவத்துக்காகத்தான். ஆனா போரா "குத்து" என்று உத்தரவிட்டதும், தன்னை உருவாக்கியவரையே குத்தப் போகும் சிட்டி. நல்லவர், கெட்டவர் தெரியாத இயந்திரம் என்று சொல்லி அனுமதி மறுக்கப்படும்.

இதே கேள்வி இப்போ ஐ.நா.வில் ஓடிக்கொண்டிருக்கிறது. மனிதத் தலையீடு இல்லாமல் தானே இலக்கைத் தேர்ந்தெடுத்துத் தாக்கும் ஆயுதங்கள் குறித்து 2023 டிசம்பரில் பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. 152 நாடுகள் ஆதரித்தன. இந்தியா எதிர்த்து வாக்களித்தது. இந்த விவாதம் ஜெனீவாவில் ஏற்கெனவே இருக்கும் ஆயுத ஒப்பந்த அமைப்பில்தான் நடக்கணும் என்பது இந்தியாவின் நிலைப்பாடு.

அப்போ சிப்பாய் தேவையில்லையா?

தேவை. டிரோன் தாக்கலாம், ரோபோ சுமக்கலாம். பிடித்த இடத்தில் நின்று காவல் காப்பதும், எதிரே கை தூக்கி நிற்பவரைச் சுடலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதும் இன்றும் மனிதனின் வேலைதான். அதனால, தம்பிகளா, ஓட்டப் பயிற்சியை நிறுத்த வேண்டாம். கூடவே டிரோன் இயக்கவும் கத்துக்கோங்க.