வீயைத் திறக்கும் ஏழு வரிகள்: ஓர் உரை

நிண்டெண்டோ நிறுவனம் 2006 நவம்பரில் வெளியிட்ட வீ கன்சோல் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அதற்கான இணையக் கடை 2019 ஜனவரி 30-ஆம் தேதி மூடப்பட்டுவிட்டது. அந்தக் கடையில் மட்டுமே கிடைத்த கேம்களை இனி அங்கே வாங்க முடியாது. பெட்டிகள் மட்டும் இன்னும் நன்றாக ஓடுகின்றன. 729 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி செயலி, 88 மெகாபைட் நினைவகம், முன்பக்கத்தில் எஸ்.டி. அட்டைக்கு ஓர் இடம் என்று நிரல் எழுதுபவருக்கு வேண்டியது எல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கியவர் தான் எழுதிய நிரலை அதில் ஓட்ட முடியாது. நிண்டெண்டோவின் கையொப்பம் இல்லாத எதையும் அது ஏற்பதில்லை.

அந்தப் பெட்டியில் ஹோம்புரூ மென்பொருளை, அதாவது நிறுவனத்தின் அனுமதி இன்றிப் பிறர் எழுதும் நிரல்களை, ஏற்றும் முறையை ஏழு வரிகளாகச் சுருக்கி, ஒவ்வொரு வரிக்கும் இங்கே உரை எழுதுகிறேன். வேலை முடிந்தால் போதும் என்பவருக்கு வரிகளே போதும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ சிலர் பல மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்த ஒரு விஷயம் இருக்கிறது. அது தெரிந்தால்தான் இடையில் ஏதாவது பிசகும்போது என்ன நடக்கிறது என்று புரியும்.

1. மெனுவின் பதிப்பு 4.3 தானா என்று பார்க்க.

வீ செட்டிங்ஸ் திரையின் மேல்மூலையில் பதிப்பு எண்ணும் அதையொட்டி ஓர் எழுத்தும் இருக்கும். யூ என்றால் அமெரிக்கா, ஈ என்றால் ஐரோப்பா, ஜே என்றால் ஜப்பான், கே என்றால் கொரியா. அடுத்து வரும் வரிகளில் இந்த எழுத்தும் தேவைப்படும்.

பதிப்பு ஏன் முதல் வரியிலேயே வருகிறது? உள்ளே போகும் வழி பதிப்புக்குப் பதிப்பு மாறியது. 2008-இன் தொடக்கத்தில் வந்த முதல் வழி 'டுவிலைட் ஹேக்'. 'செல்டா: டுவிலைட் பிரின்சஸ்' கேமில் ஆடுபவர் குதிரைக்குப் பெயர் வைக்கலாம். சேமித்த கோப்பில் அந்தப் பெயரை அளவுக்கு மீறி நீளமாக எழுதி வைத்தால், கேம் அதன் நீளத்தைச் சரிபார்க்காமல் நினைவகத்துக்குள் எடுத்துக்கொள்ளும். பெயர் தன் இடத்தைத் தாண்டி வழிந்து, அடுத்து எந்தக் கட்டளை ஓட வேண்டும் என்று குறித்திருக்கும் இடத்தின் மேல் எழுதிவிடும். நிண்டெண்டோ அந்த வழியை அடைத்தது. 2009-இல் 'பேனர்பாம்' வந்தது. 2010 ஜூனில் வந்த 4.3 அதையும் அடைத்தது. 2011-இல் 4.3-க்கென்றே 'லெட்டர்பாம்' வந்தது. அதற்குப் பிறகு நிண்டெண்டோ வீயின் மெனுவுக்குப் புதிய பதிப்பு எதுவும் வெளியிடவில்லை. ஆகவே அந்தக் கதவு இன்றும் திறந்தே கிடக்கிறது.

பழைய பதிப்பில் இருப்பவர்கள் அவசரப்பட்டுப் புதுப்பிக்க வேண்டியதில்லை. அந்தந்தப் பதிப்புக்கு உரிய வழி உண்டு. 2009-இல் வந்த 4.2 புதுப்பிப்பு, பெட்டி தொடங்கும்போது ஓடும் அடிப்படை நிரலையே மாற்றி எழுதியது. அந்த எழுத்து வேலை சரியாக முடியாமல், ஹோம்புரூ பக்கமே போகாத சிலரின் கன்சோல்களும் செத்துப்போயின. நிறுவனத்தின் புதுப்பிப்பு என்பதற்காகவே அது ஆபத்தில்லாதது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

2. எஸ்.டி. அட்டையை ஃபேட்32 முறையில் அமைக்க.

இதற்கு நீண்ட உரை தேவையில்லை. அட்டையின் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டு திறந்திருக்க வேண்டும். அரை கிகாபைட்டுக்கு மேல் காலி இடம் இருக்க வேண்டும். காரணம் ஆறாம் வரியில் வருகிறது. 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டை வேண்டாம்.

3. பெட்டியின் மேக் முகவரியைக் குறித்துக்கொண்டு, அதற்கு உரிய கடிதத்தைக் கணினியில் உருவாக்குக.

வீயில் ஒரு செய்திப் பலகை உண்டு. அதில் உள்ள கடிதங்களை எஸ்.டி. அட்டையில் சேமிக்கலாம், அட்டையில் இருப்பதைத் திறந்தும் படிக்கலாம். எந்தக் கடிதம் எந்தப் பெட்டிக்கு உரியது என்பதை வீ தன் சொந்த அடையாளத்தை வைத்துத்தான் முடிவு செய்யும். மேக் முகவரி கேட்கப்படுவதற்குக் காரணம் அதுவே. ஒரு பெட்டிக்குச் செய்த கடிதம் இன்னொரு பெட்டியில் கண்ணுக்கே தெரியாது. நண்பரின் அட்டையை வாங்கிச் செருகிவிட்டு "ஒன்றுமே வரவில்லை" என்று குழம்புபவர்களுக்கு விடை இங்கே இருக்கிறது.

லெட்டர்பாமை உருவாக்கியவர்கள் தரும் கருவியில் முகவரியையும் பிராந்திய எழுத்தையும் கொடுத்தால் கடிதம் கிடைக்கும். அதே வேலையைச் சொந்தக் கணினியிலேயே செய்து தரும் 'வில்பிராண்ட்' என்ற திறமூல நிரலும் உண்டு. நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். யாரோ நடத்தும் சேவை நாளைக்கும் இருக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம். வீயின் கடை மூடப்பட்டதைப் பார்த்த பிறகு அப்படி நம்புவது கடினம்.

2012-இல் வந்த வீ மினிக்கு இந்த வரி பொருந்தாது. அதில் எஸ்.டி. அட்டைக்கு இடமும் இல்லை, இணையமும் இல்லை. அதற்காகப் பின்னாளில் 'புளூபாம்' வந்தது. ரிமோட்டுடன் பேசுவதற்காக வைத்த புளூடூத் வழியாகவே அது உள்ளே நுழைகிறது.

4. கடிதத்தைப் போட்ட அட்டையைச் செருகி, செய்திப் பலகையில் ஓரிரு நாள் பின்னால் சென்று, சிவப்புக் கடிதத்தைத் திறக்க.

கடிதத்தில் பதிந்திருக்கும் தேதி இன்றைய தேதியாக இருக்காது. முந்தைய நாளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வீயின் கடிகாரம் தவறாக இருந்தால் எவ்வளவு தேடினாலும் கடிதம் அகப்படாது. முதலில் தேதியைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

குண்டுப் படம் போட்ட அந்தக் கடிதத்தைத் திறந்ததும் நடப்பது குதிரைப் பெயரில் நடந்த அதே வகைக் காரியம். கடிதத்தைப் படிக்கும் நிரல், உள்ளே இருப்பது ஒழுங்கான கடிதம் என்று நம்பிப் படிக்கிறது. அந்த நம்பிக்கையில் உள்ள ஓட்டை வழியாக வேறு கட்டளைகள் ஓடத் தொடங்குகின்றன. அவை அட்டையில் உள்ள 'பூட்.எல்ஃப்' என்ற கோப்பைத் தேடி எடுத்து ஓட்டும். அதுதான் 'ஹேக்மீ' நிறுவி. அந்தக் கோப்பு அட்டையின் மேல்மட்டத்தில் இல்லாமல் ஏதாவது கோப்புறைக்குள் கிடந்தால் எதுவும் நடக்காது.

5. எச்சரிக்கைத் திரையை முழுதும் வாசித்து, பிறகே 1-ஐ அழுத்துக.

நிறுவி திறந்ததும் கறுப்புத் திரையில் ஓர் எச்சரிக்கை வரும். இந்த மென்பொருளுக்கு யாருக்காவது பணம் கொடுத்திருந்தால் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள், பணத்தைத் திரும்பக் கேளுங்கள் என்பது அதன் சாரம். 1-ஐ அழுத்தச் சொல்லும் வரி உடனே தோன்றாது. வாசிப்பதற்கு நேரம் விட்டுத்தான் தோன்றும். இலவசமாகக் கிடைக்கும் கோப்புகளைக் கட்டாகக் கட்டிப் பணத்துக்கு விற்றவர்கள் அன்று பலர் இருந்தார்கள். அவர்களிடம் வாங்கியவர் கண்ணில் இந்த உண்மை படாமல் போகக் கூடாது என்பதற்காகவே அந்தத் தாமதம்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். திறமூல உரிமங்கள் விற்பனையைத் தடுப்பதில்லை. ஜி.பி.எல். உரிமத்தில் உள்ள நிரலை விற்கலாம். வாங்கியவருக்கு மூலநிரலைத் தர மறுக்கக் கூடாது, அவ்வளவே. ஹேக்மீ நிறுவியோ இலவசம் என்றாலும் திறமூலம் இல்லை. அது நிறுவித் தரும் ஹோம்புரூ சேனலும், அதாவது ஹோம்புரூ செயலிகளைப் பட்டியலிட்டு ஓட்டும் நிரலும், 2008-இல் வந்தபோது மூலநிரலோடு வரவில்லை; பல ஆண்டுகள் கழித்தே அது வெளியிடப்பட்டது. 'ஹோம்புரூ' என்றாலே திறமூலம் என்று எண்ணிக்கொள்வது சரியாகாது.

6. ஹோம்புரூ சேனலை நிறுவுக; பூட்மீயை நிறுவுக; வேறு எதையும் செய்வதற்கு முன் நேண்ட் நினைவகத்தை நகல் எடுக்க.

ஏழில் மிக முக்கியமான வரி இதுவே. வீக்குள் 512 மெகாபைட் நேண்ட் நினைவகம் உண்டு. மெனு, சேமித்த கேம்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அது கெட்டால் பெட்டி 'பிரிக்', அதாவது எழவே எழாத செங்கல், ஆகிவிடும். பூட்மீ அதன் முழு நகலை அட்டையில் எடுத்து வைக்கும். அப்போது ரிமோட் வேலை செய்யாது. கன்சோலில் உள்ள பவர் பொத்தானால் நகர்ந்து, ரீசெட் பொத்தானால் தேர்ந்தெடுக்க வேண்டும். நகலையும் அதனுடன் வரும் சாவிக் கோப்பையும் கணினியில் பத்திரப்படுத்த வேண்டும். ஒவ்வொரு பெட்டியின் சாவியும் வேறு என்பதால் இன்னொருவரின் நகல் உதவாது.

பூட்மீயை நிறுவும்போது சிலருக்கு 'பூட்2' என்ற தேர்வு கிடைக்கும், சிலருக்குக் கிடைக்காது. காரணம் வீ தொடங்கும் வரிசையில் இருக்கிறது. சில்லிலேயே பொறிக்கப்பட்ட பூட்0, நேண்டில் உள்ள பூட்1-ஐச் சரிபார்க்கிறது. பூட்1, பூட்2-ஐச் சரிபார்க்கிறது. அதன் பிறகே மெனு. ஒவ்வொன்றும் அடுத்ததைச் சரிபார்த்துத்தான் வழிவிடும்.

இதை உடைத்த கதை ஓர் இடுக்கியில் தொடங்கியது. வீ பழைய கேம்கியூப் கேம்களையும் ஓட்டும். அந்த நிலையில் நினைவகத்தின் ஒரு பகுதி மட்டுமே கேமுக்குத் தெரியும். மீதிப் பகுதி அழிக்கப்படாமல் அப்படியே இருக்கும். டீம் டுவீசர்ஸ் என்ற குழுவினர் பலகையில் உள்ள முகவரிக் கம்பிகளை இடுக்கியால் இணைத்து, மறைந்திருந்த பகுதிகளை ஒவ்வொன்றாகத் தெரியும் இடத்துக்குக் கொண்டுவந்து படித்தார்கள். சாவிகள் அதில் கிடைத்தன. 2007 டிசம்பரில் பெர்லினில் நடந்த கேயாஸ் என்ற ஹேக்கர் மாநாட்டில், வீயில் தங்கள் நிரல் ஓடுவதைக் காட்டினார்கள்.

சாவிகள் வந்ததும் நிண்டெண்டோவின் நிரலைப் படிக்க முடிந்தது. கையொப்பம் சரிபார்க்கும் இடத்தில் ஒரு பிழை தெரிந்தது. உள்ளடக்கத்தின் அடையாளமாக அமையும், 20 பைட் நீளமுள்ள ஹாஷ் எண் இரண்டை ஒப்பிட வேண்டிய இடத்தில், எழுத்துச் சரங்களை ஒப்பிடும் கட்டளையைப் போட்டிருந்தார்கள். சரத்தில் பூஜ்ஜிய பைட் வந்தால் "முடிந்தது" என்று பொருள். ஒப்பீடு அங்கேயே நின்றுவிடும். வெறும் பூஜ்ஜியங்களால் ஆன கையொப்பத்தை ஆர்.எஸ்.ஏ. கணக்கில் போட்டாலும் பூஜ்ஜியமே வரும். இனி உள்ளடக்கத்தின் ஹாஷும் பூஜ்ஜிய பைட்டில் தொடங்கினால் போதும். முதல் பைட் பொருந்தும், மீதி 19 பைட்டைப் பெட்டி பார்க்கவே பார்க்காது. பயனற்ற ஓர் எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தால் சராசரியாக 256 முயற்சிக்குள் அப்படி ஒரு ஹாஷ் கிடைத்துவிடும். சாதாரணக் கணினிக்கு அது கண்ணிமைக்கும் நேர வேலை.

நிண்டெண்டோ 2008-இல் மற்ற இடங்களில் இதைத் திருத்தியது. விற்றுவிட்ட பெட்டிகளின் பூட்1-இல் மட்டும் திருத்த முடியவில்லை. பூட்1-இன் ஹாஷ், ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய நினைவகத்தில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டுவிட்டது. விற்ற பெட்டியில் பூட்1-ஐ மாற்றினால் பூட்0 அதை ஏற்காது. பெட்டியைக் காக்க வைத்த ஏற்பாடே பிழையையும் சேர்த்துக் காத்தது. ஆகவே தொடக்க காலப் பெட்டிகளில் பூட்மீயை பூட்2-ஆகவே வைக்கலாம். மெனு சிதைந்தாலும் அது எழுந்து நகலை மீட்டுத் தரும். திருத்திய பூட்1-உடன் பின்னர் வந்த பெட்டிகளில் அந்த வசதி இல்லை. அவற்றை வைத்திருப்பவர் ஏழாம் வரிக்குப் பிறகு நிறுவும் ஒவ்வொன்றிலும் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும்.

7. 'ஆப்ஸ்' என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு செயலிக்கும் தனிக் கோப்புறை வைக்க.

ஒவ்வொரு கோப்புறையிலும் நிரல் 'பூட்' என்ற பெயரில் இருக்கும். 128-க்கு 48 புள்ளி அளவில் ஒரு படம் இருக்கும். பெயர், பதிப்பு, எழுதியவர் ஆகிய விவரங்களுக்கு 'மெட்டா' என்ற சிறு கோப்பு இருக்கும். சேனல் இவற்றைப் படித்துப் பட்டியலாகக் காட்டும். பிடிக்காவிட்டால் கோப்புறையை அழித்தால் போதும். பெட்டிக்குள் தடம் எதுவும் இருக்காது. பழைய சாகசக் கேம்களை ஓட்டும் ஸ்கம்விஎம், படங்களையும் பாடல்களையும் இயக்கும் வீஎம்சி இரண்டும் தொடங்குவதற்கு ஏற்றவை. இரண்டுமே ஜி.பி.எல். உரிமத்தில் உள்ளவை. கேம்களின் நகல் வேறு விஷயம். டுவீசர்ஸ் குழுவினர் திருட்டு நகலுக்கு எதிராகவே நின்றார்கள்; தாங்கள் திறந்த கதவு அதற்குப் பயன்பட்டதில் அவர்களுக்கு வருத்தம் உண்டு.

சொந்தமாக நிரல் எழுத விரும்புவோர் டெவ்கிட்பிபிசி கருவிகளையும் லிப்ஓஜிசி நூலகத்தையும் பயன்படுத்துகிறார்கள். அந்த நூலகத்தைப் பற்றி 2025 ஏப்ரலில் கடுமையான குற்றச்சாட்டு எழுந்தது. அதன் ஒரு பகுதி ஆர்டெம்ஸ் என்ற திறமூல இயங்குதளத்திலிருந்து எடுக்கப்பட்டு, உரிமக் குறிப்பும் எழுதியவர்களின் பெயரும் நீக்கப்பட்டிருப்பதாக ஹோம்புரூ சேனலைப் பராமரித்தவர்கள் சொன்னார்கள். அதன் பேரில் சேனலின் மூலநிரல் களஞ்சியத்தையும் முடக்கி வைத்தார்கள். ஒருவர் எழுதியதைத் தாராளமாக எடுத்துக்கொள்ள விடுவதுதான் திறமூலம். அதற்கு ஈடாகக் கேட்பது பெயரும் உரிமக் குறிப்பும் மட்டும். குற்றச்சாட்டு உண்மையென்றால் அதைக்கூடக் கொடுக்கவில்லை என்றாகும். அது சிறிய குற்றம் அல்ல. ஏற்கெனவே நிறுவிய சேனல்களுக்கு இதனால் பாதிப்பு இல்லை. முடக்கிய களஞ்சியத்தில் புதிதாக எதையும் சேர்க்க முடியாதே தவிர, உள்ளே இருக்கும் நிரலைப் படிக்கலாம், உரிமத்துக்கு உட்பட்டு நகலெடுத்துத் தொடரவும் செய்யலாம்.