தொலைவும் காட்சியும்

1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கிய பிறகு எங்கள் கடையநல்லூரில் மொட்டைமாடிகளில் ஆண்டெனா முளைத்தது பழையவர்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் 1975-லேயே ஒளிபரப்பு வந்துவிட்டது, நமக்கு எட்டவில்லை. கடல் தாண்டி வந்ததுதான் எட்டியது, அதுவும் காற்று மனம் வைத்தால்.

டெலிவிஷனை ஆங்கிலச் சொல் என்றே நினைக்கிறோம். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது 'தெலெவிஸியோன்'. எனக்குச் சாதகமாக ஒரு சாட்சியும் உண்டு. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி நடந்த மின்சார மாநாட்டில், கான்ஸ்டான்டின் பெர்ஸ்கி என்ற ரஷ்யர் பிரெஞ்சில் வாசித்த கட்டுரையில்தான் இந்தச் சொல் வந்தது. கருவி பிறக்கவில்லை, பெயர் முந்திக்கொண்டது! லண்டனில் பெயர்ட் செய்து காட்டியது 1926-இல்தான்.

'டெலி' கிரேக்கம், தொலைவு. 'விஷன்' லத்தீன், பார்வை. டெலிகிராப், டெலிபோன் இரண்டும் முழுக் கிரேக்கம். இது மட்டும் கலப்பு என்று அந்தக் காலப் பண்டிதர்கள் முகம் சுளித்தார்கள். முழுக் கிரேக்கத்தில் வைக்கப் போனால் 'டெலஸ்கோப்' என்று வரும். அதைத் தொலைநோக்கி எப்போதோ பிடித்துக்கொண்டது. நம் பக்கம் இந்தக் கலப்பே இல்லை. 'தூர்தர்ஷன்' முழுக்க வடமொழி. 'தொலைக்காட்சி' முழுக்கத் தமிழ். 'ரூபவாஹினி'யும் வடமொழிதான், ஆனால் தொலைவை விட்டுவிட்டு உருவத்தைச் சுமந்து வருவது என்றது. மூன்றில் எனக்குப் பிடித்தது அதுதான்.

பக்கத்து வீட்டு உம்மாவுக்கு மகன் சவுதியிலிருந்து பெட்டி கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி போய்விட்டான். ஒரு சாயங்காலம் ஆண்டெனாவைத் திருப்பிக் கொடுக்கப் போனவன், ஆபீஸில் கோப்பு எழுதிய பழக்கத்தில், சொல்லைப் பிரித்து விளக்கினேன்.

"தொலைவுல இருக்கிறதைக் காட்டும், உம்மா. அதான் பேரு."

அவர் திரையில் பெய்த வெள்ளைப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எம் மவன் தெரிவானா, தம்பி?"

கிரேக்கமும் லத்தீனும் வாயிலேயே நின்றுவிட்டன. "இன்னும் கொஞ்சம் கிழக்கால திருப்பிப் பார்க்கிறேன், உம்மா" என்று மாடிப்படி ஏறிவிட்டேன்.