பனியன் ஊரில் முளைத்த மென்பொருள்

பிரேசிலின் தென்பகுதியில், சாந்தா கத்தரீனா மாநிலத்தில், இத்தஜாயி-அசு ஆற்றங்கரையில் புளுமெனாவ் என்று ஓர் ஊர். 1850-இல் ஹெர்மன் புளுமெனாவ் என்ற ஜெர்மானியர் 17 பேரைக் கூட்டிவந்து குடியேற்றிய இடம். 1880-இல் ஹெரிங் என்ற குடும்பத்துச் சகோதரர்கள் இருவர் அங்கே பனியன் தொழிலைத் தொடங்கினார்கள். இரண்டு மீன்கள் போட்ட அவர்களுடைய முத்திரை இன்றும் பிரேசில் கடைவீதிகளில் கண்ணில் படும். அவர்களைப் பார்த்து இன்னும் பல ஆலைகள் வந்தன. துண்டு, படுக்கை விரிப்பு, குழந்தை உடுப்பு என்று பள்ளத்தாக்கு முழுக்கத் துணியாலேயே பிழைத்தது.

1969-இல் இந்த ஆலைக்காரர்கள் ஒன்றுகூடி ஒரு காரியம் செய்தார்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வாங்குவது அன்றைக்குக் கட்டுப்படியாகாத செலவு. அதனால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணக்கு மையம் வைத்தார்கள். அதன் பெயர் செத்தில். சந்தையில் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்கிறவர்கள், தங்கள் சம்பளப் பட்டியலையும் சரக்கு இருப்பையும் ஒரே கூரையின் கீழ் ஓடும் இயந்திரத்திடம் ஒப்படைத்தார்கள்.

நான் கோயம்புத்தூரில், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். நிட்டிங்குக்குக் கொடுத்த நூல் எத்தனை கிலோ, சாயப்பட்டறையிலிருந்து திரும்பிய துணி எத்தனை கிலோ, இடையில் குறைந்தது நியாயமான சேதாரம்தானா என்று கணக்குப் பார்ப்பதுதான் எங்கள் மென்பொருளின் உயிர்நாடி. பிரேசிலில் கால் ஊன்றலாம் என்று நிர்வாகம் முடிவு செய்தபோது, எல்லோரும் சாவோ பாவ்லோவின் ஃபாரியா லிமா சாலையைத்தான் சொன்னார்கள். வங்கிகளும் முதலீட்டு நிறுவனங்களும் வரிசை கட்டி நிற்கும் சாலை அது. புளுமெனாவுக்கும் போயே தீரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். துணியும் மென்பொருளும் ஒரே தொட்டிலில் வளர்ந்த ஊர் உலகத்தில் அதிகம் இல்லை.

வெளியிலிருந்து வரும் எங்களைப் போன்றவர்கள் பிரேசிலை ஒரு காலி மனையாக நினைத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம். இருபது கோடிக்கு மேல் மக்கள், பெரிய சந்தை, போய் விற்கவேண்டியதுதான் பாக்கி என்று. அங்கே அரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட மென்பொருள் மரபு இருக்கிறது. அந்த மரபை உருவாக்கியவை மூன்று: அடைத்த கதவு, ஓடிய விலைவாசி, பின்னிக்கிடந்த வரி. இந்த மூன்றையும் படிக்காமல் அங்கே கடை விரிப்பது வீண் செலவு என்பது என் உறுதியான எண்ணம்.

கதவிலிருந்து தொடங்குகிறேன். 1972-இல் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டரை வடிவமைத்துக் கட்டினார்கள். ‘பத்தின்யோ ஃபேயோ’ என்று செல்லப்பெயர். நினைவகம் 4 கிலோபைட். விற்கிற பொருள் அல்ல அது. ஆனால் நம்மால் முடியும் என்ற நம்பிக்கையை ஒரு தலைமுறைக்கே கொடுத்தது. 1974-இல் அரசு கோப்ரா என்ற கம்ப்யூட்டர் நிறுவனத்தைத் தொடங்கியது. கொஞ்ச காலத்தில், சின்ன கம்ப்யூட்டர்களை உள்நாட்டு நிறுவனங்கள் மட்டுமே செய்யலாம் என்று கதவு சாத்தப்பட்டது. ஐபிஎம் தன் சிஸ்டம் 32 இயந்திரத்தை அங்கே தயாரிக்க அனுமதி கேட்டபோது கிடைக்கவில்லை. பெரிய இயந்திரங்களை மட்டும் அது தொடர்ந்து விற்றுக்கொண்டிருந்தது. நம் நாட்டிலிருந்து 1978-இல் ஐபிஎம் வெளியேறிய கதையை அறிந்தவர்களுக்கு அந்தக் காலத்தின் மனநிலை எளிதில் புரியும்.

1984 அக்டோபரில் இந்தக் கொள்கை எட்டாண்டுகளுக்கான சட்டமாகவே ஆனது. அதன் விளைவுகள் இரண்டு விதம். மற்ற நாடுகளில் கிடைத்ததைவிடப் பல மடங்கு விலை கொடுத்து, ஒரு தலைமுறை பின்தங்கிய இயந்திரத்தைப் பிரேசில் தொழிற்சாலைகள் வாங்கின. சின்க்ளேர், ஆப்பிள், டிஆர்எஸ்-80 எல்லாவற்றுக்கும் உள்ளூர் நகல்கள் வந்தன. மைக்ரோசாஃப்டின் எம்எஸ்-டாஸ் 3.3-க்கு அனுமதி மறுக்கப்பட்டது. அதற்கு ஈடாக ஸ்கோபஸ் நிறுவனத்தின் சிஸ்னே இருக்கிறதே என்றது அரசு. 1987 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ரீகன் இதற்காகப் பிரேசில் பொருட்கள்மீது தண்டனை வரி போடப்போவதாக அறிவித்தார். அதன்பிறகுதான் டாஸுக்கு வழி பிறந்தது.

இன்னொரு விளைவைப் பற்றிப் பேச ஆளில்லை. வெளியிலிருந்து வாங்க முடியாததால் எழுதித்தான் ஆகவேண்டும் என்ற நிலை, எழுதத் தெரிந்தவர்களை வளர்த்தது. லுவா என்ற நிரல்மொழி 1993-இல் ரியோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது இப்படித்தான். ராபர்ட்டோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் ஹென்ரிக்கே தி ஃபிகெய்ரெதோ, வால்தெமர் செலெஸ் என்ற மூவர், பெட்ரோப்ராஸ் எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்களுக்குத் தேவைப்பட்ட கருவிகளுக்காக அதை உருவாக்கினார்கள். சட்டம் அதற்கு முந்தைய ஆண்டே காலாவதியாகியிருந்தது, ஆனால் கைப்பழக்கம் காலாவதியாகவில்லை. இன்று உலகெங்கும் கணினி விளையாட்டுகளுக்குள் லுவா ஓடிக்கொண்டிருக்கிறது. தெற்குலகில் பிறந்து இவ்வளவு தூரம் பரவிய நிரல்மொழி வேறு ஒன்று எனக்குத் தெரியாது. அந்தக் கதவடைப்பைத் தோல்வி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறவர்களோடு என்னால் உடன்பட முடிவதில்லை.

அடுத்தது விலைவாசி. இதைப் பற்றிப் புளுமெனாவில் ஓர் அம்மையார் எனக்கு விரிவாகச் சொன்னார். எண்பதுகளில் ஆலைகளுக்குச் சம்பளக் கணக்கு நிரல் எழுதியவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். அவர் போர்த்துகீசில் சொல்லச் சொல்ல, அங்குள்ள இளைஞர் ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னார். தேதிகளை அந்த அம்மையார் எழுதிக் காட்டினார்.

1986 பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை. ஜனாதிபதி சர்னே குருசேரோ நாணயத்தை ஒழித்து, மூன்று சுழிகளை வெட்டி, குருசாதோ என்ற புது நாணயத்தைக் கொண்டுவந்தார். விலைகள் உறைய வைக்கப்பட்டன. பழைய கடன்களையும் தவணைகளையும் புது நாணயத்துக்கு மாற்ற நாளுக்கொரு காரணி கொண்ட அட்டவணை வெளியானது. விலைவாசி 20 சதவீதம் ஏறினால் சம்பளம் தானாக ஏறவேண்டும் என்றும் விதி. நிரலாளர்களுக்கு அதெல்லாம் வேலை. அடுத்த சம்பள நாளுக்குள் சட்டம் நிரலுக்குள் போயிருக்கவேண்டும்.

அதோடு நிற்கவில்லை. 1989-இல் மேலும் மூன்று சுழி போய் குருசாதோ நோவோ. 1990 மார்ச்சில் மறுபடி குருசேரோ. அப்போது புது ஜனாதிபதி கொல்லோரின் அரசு, 50,000 குருசாதோ நோவோவுக்கு மேற்பட்ட சேமிப்பை வங்கிகளிலேயே முடக்கியது. அந்த ஒரே மாதத்தில் விலைகள் 80 சதவீதத்துக்கு மேல் ஏறின. 1993 ஆகஸ்டில் இன்னொரு மூன்று சுழி வெட்டு, குருசேரோ ரியால். அந்த ஆண்டின் பணவீக்கம் 2,400 சதவீதத்தைத் தாண்டியது. 1994 ஜூலை 1-ஆம் தேதி, 2,750 குருசேரோ ரியாலுக்கு ஒரு ரியால் என்று இன்றைய நாணயம் வந்த பிறகுதான் நாடு மூச்சுவிட்டது.

“தொகைக்கு எத்தனை இலக்கம் ஒதுக்குவது என்பதுதான் எங்கள் முதல் கேள்வி. குறைவாக ஒதுக்கினால் வருஷம் முடியுமுன்னே சம்பளம் கட்டத்துக்குள் அடங்காது. தேதி இல்லாத தொகைக்கு எங்களிடம் மதிப்பே கிடையாது” என்றார் அந்த அம்மையார்.

கடைசியாகச் சொன்னாரே, அதுதான் பிரேசில் மென்பொருளின் அடித்தளம். 1964 முதலே அரசு பத்திரங்களையும் வரிகளையும் விலைக்குறியீட்டோடு கட்டிவைத்திருந்தது. நிறுவனங்களின் ஐந்தொகையைக்கூட ஆண்டுதோறும் விலையேற்றத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதவேண்டும். அந்த வழக்கம் 1995 இறுதிச் சட்டத்தோடுதான் நின்றது. ஆகவே ஒவ்வொரு தொகையும் அது எந்த நாளுக்குரியது, எந்தக் குறியீட்டுக்குரியது என்பதோடு சேர்ந்தே பதிவாகும். காசு கணக்கில் ஒரு நாள் சும்மா கிடந்தால் நஷ்டம். அதனால் வங்கிகள் காசோலையை அன்றன்றே முடிக்க இயந்திரங்களில் பணத்தைக் கொட்டின. ஒசாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட பிராதெஸ்கோ வங்கி 1962-லேயே கம்ப்யூட்டர் வைத்திருந்தது. இத்தவு வங்கி 1979-இல் இத்தவுடெக் என்று சொந்தமாகக் கம்ப்யூட்டர் நிறுவனமே தொடங்கியது. வங்கிக்கும் நிறுவனத்துக்கும் இடையே போகும் கோப்புக்கு வங்கிகள் சங்கம் வகுத்த முறையில் வரிக்கு 240 எழுத்து, இன்னொரு வகையில் 400 எழுத்து. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. 2020 நவம்பரில் மத்திய வங்கி கொண்டுவந்த பிக்ஸ், நொடிகளில் பணம் போய்ச் சேரும் ஏற்பாடு. அதைப் பார்த்து வியந்து எழுதுகிறவர்கள், அதற்கு அடியில் கிடக்கும் இந்த முப்பது நாற்பது வருஷ உழைப்பையும் சேர்த்து எழுதவேண்டும்.

எண்பதுகளில் மைக்ரோ கம்ப்யூட்டர் வந்ததும் பொதுக் கணக்கு மையங்களின் காலம் முடிந்தது. ஆலைக்குள்ளேயே இயந்திரம் வந்துவிட்டது. செத்திலில் தொழில் பழகியவர்கள் வெளியே வந்து சின்னச் சின்ன நிறுவனங்கள் தொடங்கினார்கள். புளுமெனாவ் இன்று மென்பொருள் ஊராகப் பேர் வாங்கியிருப்பதற்கு அதுவே வித்து. பக்கத்து ஜோயின்வில்லியில் 1978-லேயே மிகெல் அபுஹாப் தாத்தாசூல் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். சாவோ பாவ்லோவில் 1983-இல் லாயெர்சியோ கொசென்டினோவும் எர்னெஸ்ட்டோ ஹேபர்கார்னும் மைக்ரோசிகா தொடங்கினார்கள். அது தொத்வ்ஸ் என்று பெயர் மாறி, 2006-இல் பங்குச்சந்தைக்கு வந்து, 2008-இல் தாத்தாசூலையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்றும் நடுத்தர ஆலைகள் பலவற்றில் அதன் மென்பொருள்தான்.

நான் மிக அதிகமாகக் கற்றுக்கொண்டது வரியில். 26 மாநிலங்களும் தலைநகர் வட்டாரமும் தனித்தனியாகச் சரக்கு வரி வைக்கின்றன. 5,500-க்கும் மேற்பட்ட நகராட்சிகள் சேவை வரி வைக்கின்றன. உலக வங்கி ஒரு காலத்தில் நடத்திய ஆய்வில், ஒரு நடுத்தர நிறுவனம் வரி வேலைக்கு மட்டும் ஆண்டுக்கு 1,501 மணி நேரம் செலவிடுகிறது என்று வந்த நாடு பிரேசில். அதற்கும் முன்பு 2,600 மணி நேரமாக இருந்தது.

இந்தக் காட்டுக்குள் 2005 செப்டம்பரில் ஒரு பாதை போட்டார்கள். அதுதான் மின்னணு பில். 2006-இல் சில நிறுவனங்களோடு சோதனை, 2008-இல் எரிபொருளுக்கும் சிகரெட்டுக்கும் கட்டாயம், பிறகு படிப்படியாக மற்றவற்றுக்கும். பில் போட்டதும் அது மாநில வரித்துறையின் கணினிக்குப் போய், ஒப்புதல் வாங்கி வந்த பிறகுதான் லாரி கிளம்பலாம். ஒவ்வொரு பில்லுக்கும் 44 இலக்கச் சாவி. முதல் இரண்டு மாநிலம், அடுத்த நான்கு வருஷமும் மாதமும், பதினான்கு நிறுவனத்தின் பதிவு எண், பிறகு பில்லின் வகை, தொடர், எண் என்று போய், கடைசி இலக்கம் முன்னுள்ள 43-உம் சரிதானா என்று சோதிப்பதற்கு. இந்தியாவில் மின்னணு பில் 2020 அக்டோபரில்தான் கட்டாயமாகத் தொடங்கியது. இந்த விஷயத்தில் பிரேசில் நமக்கு மூத்தது.

திருப்பூரில் துணியைத் தையலுக்கு ஜாப் ஒர்க் அனுப்பும்போது ஒரு டெலிவரி சலான் போடுகிறோம். புளுமெனாவைச் சுற்றியும் அதே பழக்கம், வீட்டோடு சேர்ந்த சின்னத் தையல் கூடங்கள் நிறைய. ஆனால் அங்கே துணி வாசலைத் தாண்டவேண்டுமென்றால் மின்னணு பில் வேண்டும். வேலைக்கு அனுப்புவதற்கு 5901, வேலை முடிந்து திரும்புவதற்கு 5902 என்று குறியீடு. கூடம் வேறு மாநிலத்தில் இருந்தால் முதல் இலக்கம் 6 ஆகும். 5901-இல் போன துணி 5902-இல் திரும்பாவிட்டால் விற்றுவிட்டாயா என்று வரித்துறை கேட்கும். எங்கள் மென்பொருள் சேதாரத்தைக் கிலோவில் பார்க்கும், அவர்களுடையது அதே சேதாரத்தை வரியில் பார்க்கும். ஒரே தொழிலின் இரண்டு பக்கங்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இந்த ஏற்பாடு முழுதும் இப்போது மாறுகிறது. 2023 டிசம்பரில் அரசியல் சட்டத்தைத் திருத்தி, மாநில வரியையும் நகராட்சி வரியையும் ஒன்றாக்க முடிவெடுத்துவிட்டார்கள். 2026-இல் தொடங்கி 2033-இல் முடியும். இடைப்பட்ட வருஷங்களில் பழைய வரியும் புது வரியும் ஒரே பில்லுக்குள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். வரி எளிதானால் உள்ளூர் மென்பொருளுக்கு வேலை குறைந்துவிடும், வெளியார் நுழைய நேரம் இதுவே என்று சாவோ பாவ்லோவில் ஆலோசகர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எட்டு வருஷத்தில் ஐந்து நாணயங்களைத் தங்கள் நிரலுக்குள் மாற்றிப்போட்டவர்களுக்கு இரண்டு வரிகளை ஒன்றாக ஓட்டுவது பழகிய வேலை.

நிர்வாகத்துக்கு நான் எழுதிய அறிக்கையில் இதைத்தான் சொன்னேன். ஃபாரியா லிமாவில் பெரிய அலுவலகம் வேண்டாம். புளுமெனாவில் பழைய மென்பொருள் நிறுவனம் ஒன்றோடு கூட்டு வைப்போம். வரி, சம்பளம், வங்கிக் கோப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. நூல் எடை, நிட்டிங், சாயம், கட்டிங் வரையிலான உற்பத்திக் கணக்கு எங்கள் பொறுப்பு. அந்த ஊர்ப் பொறியாளர்களை அந்த ஊர்ச் சட்டப்படி, வருஷத்துக்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளமும் 30 நாள் விடுப்பும் கொடுத்து வேலைக்கு எடுப்போம். கேள்விகள் நிறைய வந்தன, விலை யார் வைப்பது, மூலநிரல் யாருடையது என்று. பதில் எழுதி எழுதி ஒப்பந்தமாகிவிட்டது. முதல் ஆலையில் நிட்டிங் பிரிவின் கணக்கிலிருந்து வேலை தொடங்குகிறது.