கோப்பு யாருடையது?

வீட்டிலிருந்து வேலை என்றதும் நம்மில் பலருக்கு 2020 மார்ச் 25 அன்று தொடங்கிய ஊரடங்குதான் நினைவுக்கு வரும். பிள்ளைகள் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை விரித்துக்கொண்டு, "அப்பா, டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க, மீட்டிங் நடக்குது" என்று சொன்ன நாட்கள் அவை. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு அறுபது வருடத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் படித்தபோது, அரசு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் கோப்போடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில், எனக்கு ஒரே ஒரு கேள்விதான் முக்கியமாகப் பட்டது. அலுவலகம் கலைந்து ஆளுக்கொரு வீட்டில் உட்கார்ந்துவிட்டால், கோப்பு யாருடையது?

முதலில் நம் ஊர்க் கதை. சென்னை மாகாணத்து அலுவலக நடைமுறையை ஒழுங்குபடுத்திய முறைக்கு டாட்டன்ஹாம் முறை என்று பெயர். அந்தப் பெயரில் ஐ.சி.எஸ். அதிகாரி ஒருவர் இருந்தார். மாவட்ட அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. தபால் வந்தால் பகிர்மானப் பதிவேட்டில் ஏறும். பிறகு அந்த இருக்கைக்காரரின் தன்பதிவேட்டில் ஏறும். நடப்பில் இருக்கும்வரை ந.க. எண். முடிந்த பிறகு ஓராண்டு வைக்க வேண்டியது ஓ.மு., மூன்றாண்டு வைக்க வேண்டியது மூ.மு. என்று பிரித்துப் பதிவறைக்குப் போகும். நமக்கெல்லாம் அது சலிப்பூட்டும் எழுத்து வேலையாக இருந்தது. ஆனால் அதில் இருந்த சூட்சுமத்தைப் பாருங்கள். கோப்பு 'அ1' இருக்கைக்குச் சொந்தம். அந்த இருக்கையில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது இரண்டாம் பட்சம். அவர் மாற்றலாகிப் போனால் தன்பதிவேட்டை வைத்துக்கொண்டு பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். ஆள் போனாலும் கோப்பு போகாது.

இனி கடல் கடந்து போவோம். 1962-இல் இங்கிலாந்தில் ஸ்டெஃபனி ஷெர்லி என்ற பெண்மணி ஆறு பவுண்டு முதலில் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். 1939-இல், ஐந்து வயதில், நாஜிகளிடமிருந்து தப்பிக்க ரயிலில் அனுப்பி வைக்கப்பட்ட யூதக் குழந்தைகளில் அவரும் ஒருவர். கல்யாணம், பிரசவம் என்று வேலையை விட்டு நின்ற பெண் புரோகிராமர்களைத்தான் அவர் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் அவரவர் வீட்டில் இருந்தபடியே பேப்பரில் பென்சிலால் புரோகிராம் எழுதுவார்கள். அது தபாலில் போய், வேறிடத்தில் கார்டில் துளையிட்டு, கம்ப்யூட்டரில் ஓடும். பெண் பெயரில் கையெழுத்திட்ட கடிதங்களுக்குப் பதிலே வராததால், கணவர் சொன்ன யோசனைப்படி 'ஸ்டீவ்' என்று கையெழுத்துப் போட ஆரம்பித்தார். வாடிக்கையாளர் போன் செய்யும்போது குழந்தைகள் சத்தம் கேட்காமலிருக்க, டைப் அடிக்கும் ஓசையைப் பதிவு செய்து பின்னணியில் ஓடவிடுவாராம்! கான்கார்டு விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான புரோகிராமை எழுதியது இந்த வீட்டுப் பெண்கள் கூட்டம்தான்.

அவர்கள் ஜெயித்தது எப்படி? ஒவ்வொரு வேலைக்கும் முன்கூட்டியே நிர்ணயித்த தொகை. எத்தனை மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்தாய் என்ற கேள்வியே இல்லை. வேலையை எப்படிச் செய்வது, எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு எழுத்து மூலமான விதிமுறை. யாராவது பிரசவத்துக்குப் போனால், இன்னொருவர் அந்தத் தாளை எடுத்துத் தொடர முடிய வேண்டும். நம் தன்பதிவேட்டின் தத்துவம்தான்.

அடுத்து 1968 டிசம்பர் 9. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு கம்ப்யூட்டர் மாநாடு. ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த டக்ளஸ் எங்கல்பார்ட் மேடையில் உட்கார்ந்து தொண்ணூறு நிமிடம் ஒரு செயல்விளக்கம் தந்தார. ஒரு மவுஸ் கையில். சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த சக ஊழியரின் முகம் திரையின் ஒரு மூலையில் தெரிகிறது. இருவரும் ஒரே ஆவணத்தைத் திரையில் பார்த்துக்கொண்டு, பேசிக்கொண்டே வேலை செய்கிறார்கள். இன்று நம் பேரன் செய்வதைத்தான் எங்கல்பார்ட் அன்று செய்து காட்டினார். அது எல்லோர் கைக்கும் வர நாற்பது வருடம் ஆனது.

1973-இல் ஜாக் நில்ஸ் என்ற அமெரிக்கர் 'டெலிகம்யூட்டிங்' என்ற சொல்லை உருவாக்கினார். லாஸ் ஏஞ்சலஸ் நெரிசலில் ஆட்களை அலுவலகத்துக்கு இழுப்பதற்குப் பதில், டெலிபோன் கம்பி வழியாக வேலையை ஆட்களிடம் அனுப்பினால் என்ன என்பது அவர் கேள்வி. அந்த வருடக் கடைசியில் பெட்ரோல் நெருக்கடி வந்து, அந்தக் கேள்விக்கு மரியாதையும் கூடியது.

ஆனால் 1980-களில் பர்சனல் கம்ப்யூட்டர் வந்ததும் கதை பின்னோக்கிப் போனது என்பேன். 1979-இல் விசிகால்க், 1983-இல் லோட்டஸ் 1-2-3. கணக்கு வேலை அசுர வேகம் எடுத்தது, உண்மை. ஆனால் கோப்பு பதிவறையை விட்டு ஒருவர் மேசைக்கும் அவர் ஃபிளாப்பிக்கும் போய்விட்டது. உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: 'அந்த ஸ்டேட்மென்ட் அவர் மெஷின்லதான் சார் இருக்கு, அவர் லீவு' என்ற வசனம். பிறகு ஈமெயில் வந்து, ஒரே பட்டியலுக்கு ஏழு பிரதி, ஏழிலும் ஏழு விதமான திருத்தம். எது கடைசி என்று யாருக்கும் தெரியாது.

இந்த நோய்க்கு மருந்து 2005, 2006-இல் வந்தது. 2005-இல் ரைட்லி என்று பிரவுசரிலேயே எழுதும் ஒரு மென்பொருள் அமெரிக்காவில் வெளிவந்தது. 2006 மார்ச்சில் கூகுள் அதை வாங்கிற்று. அதிலிருந்து வளர்ந்ததுதான் கூகுள் டாக்ஸ். அதே 2005-இல் நம் சென்னையிலிருந்து இயங்கிய அட்வென்ட்நெட் கம்பெனி சோஹோ ரைட்டரை வெளியிட்டது. 2009-இல் கம்பெனியே சோஹோ என்று பெயர் மாறியது. 2011-இல் தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்து, நகரத்துக்கு வராமலே மென்பொருள் வேலை செய்யலாம் என்று காட்டியவர்களும் அவர்களே. அதே 2011 ஜூனில் மைக்ரோசாஃப்ட் தன் ஆபீஸ் 365-ஐக் கொண்டுவந்தது.

கிளவுட், கிளவுட் என்கிறார்களே, அதில் மாயம் ஒன்றுமில்லை. கோப்பு உங்கள் மேசையில் இல்லாமல், அந்தக் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டரில் இருக்கிறது. எல்லோரும் ஒரே பிரதியைத் திறக்கிறார்கள். யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்ற குறிப்பு தானாக விழுகிறது. அதாவது பதிவறை திரும்பி வந்துவிட்டது. ஆனால் தன்பதிவேட்டைத் திரும்பக் கொண்டுவர வேண்டியது நாம். அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் அருகிலிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஓர் ஓய்வூதியர் சங்கம். பெயர் வேண்டாம். ஊரடங்கில் அலுவலக அறையைப் பூட்டியதும், செயலாளர் தன் வீட்டிலிருந்தே எல்லாவற்றையும் நடத்தினார். உறுப்பினர் பட்டியல், பென்ஷன் புத்தக நகல்கள், மருத்துவக் காப்பீட்டு மனுக்கள், குடும்ப ஓய்வூதியப் படிவங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றினார். அருமையான உழைப்பாளி. ஆனால் ஏற்றியது அவருடைய சொந்த ஈமெயில் கணக்கில். 2021 மே மாதம், இரண்டாம் அலையில், பத்தே நாளில் அவர் போய்விட்டார். பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. ஓடிபி போகும் போன் நம்பரும் அவருடையது. துக்கத்திலிருந்த வீட்டில் அந்த போனை யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை.

அதே மாதம் இறந்த வேறொரு உறுப்பினரின் மனைவி, குடும்ப ஓய்வூதியத்துக்காக வந்து நின்றார். அவர் வீட்டுக்காரர் மூலப் பிரதிகளையும் சங்கத்திடம் கொடுத்திருந்தார். ஸ்கேன் செய்த பின் அவை எந்தப் பையில் இருக்கின்றன என்ற குறிப்பும் அந்தக் கணக்குக்குள்ளேயே இருந்தது. பூட்டிய அறையில் மூட்டைகளைப் பிரித்துத் தேடி, அலுவலகத்தில் மறுநகல் வாங்கி, நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் அந்த அம்மா மகள் வீட்டில் இருந்தார். "தம்பி, பேப்பரை எங்க வீட்டுக்காரர் ஒழுங்காத்தானே கொடுத்தாரு?" என்று என்னிடம் கேட்டார். கொடுத்தார்தான். வாங்கி வைத்த இடம்தான் சங்கத்துடையதாக இல்லை.

அதன் பிறகு சங்கத்தார் கூப்பிட்டு ஏற்பாட்டைச் சரிசெய்யச் சொன்னார்கள். கம்ப்யூட்டர் படித்த பக்கத்து வீட்டுப் பையனும் நானும் சேர்ந்து செய்ததை எழுதுகிறேன். சிறிய சங்கம், கோயில் கமிட்டி, ஆடிட்டர் ஆபீஸ் எதற்கும் பொருந்தும்.

முதலாவது, சங்கத்தின் பெயரிலேயே ஒரு டொமைன் வாங்கி, செயலாளர், பொருளாளர் என்று பதவியின் பெயரில் கணக்குகள். 'அ1 இருக்கை' மாதிரி. ஆள் மாறினால் பாஸ்வேர்டும் போன் நம்பரும் மாறும். கணக்கு அங்கேயே இருக்கும்.

இரண்டாவது, கோப்புகள் பொது டிரைவில். தனிநபர் டிரைவில் போட்டு மற்றவர்களுக்குப் பகிர்ந்தால், கோப்பின் சொந்தக்காரர் போட்டவரே. கூகுள் 2017-இல் கொண்டுவந்த பொது டிரைவில் கோப்பு குழுவுக்குச் சொந்தம். மைக்ரோசாஃப்டில் ஷேர்பாயின்ட், சோஹோவில் டீம் ஃபோல்டர் என்று இதே ஏற்பாடு இருக்கிறது. இது தெரியாமல், வேலையை விட்டவரின் கணக்கை அழித்துவிட்டுத் தவிக்கும் அலுவலகங்கள் உண்டு. கூகுளில் அழித்த கணக்கை 20 நாளுக்குள் மீட்கலாம், மைக்ரோசாஃப்டில் 30 நாள். அதற்குப் பிறகு கையை விரித்துவிடுவார்கள்.

மூன்றாவது, நிர்வாகி இரண்டு பேர். ஒருவருக்கு ஏதாவது ஆனால் இன்னொருவர். இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டோம். தொற்று நோய் கற்றுத்தந்த பாடம்.

நான்காவது, எல்லோருக்கும் இரட்டைச் சரிபார்ப்பு. பாஸ்வேர்டை மட்டும் நம்பக் கூடாது என்பது பழைய பாடம். 1960-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், பலர் பகிர்ந்துகொண்ட கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டு முறை வந்தது. 1962-இலேயே ஓர் ஆராய்ச்சி மாணவர் எல்லோருடைய பாஸ்வேர்டுகளையும் பிரின்ட் எடுத்துவிட்டார்! போன் தொலைந்தாலும் உள்ளே நுழைய, கூகுள் எட்டு இலக்க எண்கள் பத்து தருகிறது. அதை அச்சிட்டு உறையில் ஒட்டி, பீரோவில் ரொக்கப் பெட்டியோடு வைத்தோம்.

ஐந்தாவது, யார் எதைப் பார்க்கலாம் என்ற வரையறை. ஆதார் நகலும் வங்கி எண்ணும் உள்ள ஃபோல்டர் இரண்டு பேருக்கு மட்டும். 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்ற வசதியை நிறுத்திவிட்டோம்.

ஆறாவதாக, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் இறக்கி, அதில் ஏதாவது பத்துக் கோப்பைத் திறந்து பார்க்கிறோம். கூகுளின் குப்பைத்தொட்டியில் போட்டது 30 நாளில் தானே அழிந்துவிடும். ஆகவே நம் பிரதி நம்மிடம் இருக்க வேண்டும்.

கடைசியாக, இரண்டு பக்கத்தில் தமிழில் ஒரு பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு. ஷெர்லி அம்மையாரின் வீட்டுப் பெண்களுக்கு இருந்த எழுத்து விதிமுறை போல, புதிதாக வருபவர் அதைப் படித்தாலே வேலையைத் தொடரலாம். இப்போது பட்டியல் வேலையைப் பார்க்கும் பெண் ஓசூரில் இருக்கிறார். கைக்குழந்தைக்காரர். சங்கத்து அறையில் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. போன மாதம் ஒரு குடும்ப ஓய்வூதிய மனு ஒன்பது நாளில் தயாராகி, கருவூலத்துக்குப் போய்விட்டது.

சங்கத்துக்கு இவ்வளவு செய்தோமே, நம் வீட்டுக்கு? கூகுள் கணக்கு வைத்திருப்போர், அதன் அமைப்புகளில் செயலற்ற கணக்கு மேலாளர் என்று ஒன்று இருப்பதைப் பாருங்கள். 2013-இலிருந்து இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட சில மாதங்கள் கணக்கைத் தொடாமல் இருந்தால், நீங்கள் சொல்லி வைத்தவருக்குத் தகவல் போகும். எந்தெந்தக் கோப்பை அவர் எடுத்துக்கொள்ளலாம் என்றும் நீங்களே எழுதி வைக்கலாம். செய்து முடிக்கப் பத்து நிமிடம் போதும். தெரியாவிட்டால் பேரப்பிள்ளையை உட்கார வையுங்கள். மனைவியோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள், எந்த நம்பரைக் கொடுத்தீர்கள் என்பது அவருக்கும் தெரிய வேண்டும்.