பழி யார் தலையில்?

பேரனுக்கு வயது 15. எடை அதிகம். "நீ கொடுத்துக் கொடுத்துத்தான் பையன் இப்படி ஆயிட்டான்" என்று மருமகளைச் சொல்லிவிட்டேன். அவள் பதில் பேசவில்லை. அந்த உறுத்தலில்தான் இதைத் தேடிப் படித்தேன்.

1930களில் பருமனான பிள்ளைகளுக்குச் சுரப்பிக் கோளாறு என்றே பல மருத்துவர்கள் நினைத்தார்கள். ஹிட்லர் ஆட்சியில் ஜெர்மனியை விட்டு வெளியேறிய யூத மருத்துவர் ஹில்டே புரூக், 1934இல் நியூயார்க் வந்தார். அங்கே அத்தகைய பிள்ளைகளை ஆராய்ந்தார். பெரும்பாலோருக்குச் சுரப்பியில் பழுதில்லை. வீட்டைப் பார்த்தார். தாய்மார் பலர் வறுமையில் வளர்ந்து, பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர்கள். அன்பு காட்ட அவர்களுக்குத் தெரிந்த வழி சாப்பாடு. 1940இல் புரூக் இதை எழுதினார். பழி தாயின் தலையில் விழுந்தது.

1986இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் குழுவினர், டென்மார்க்கில் தத்துப் போய் வளர்ந்து பெரியவர்களான 540 பேரின் விவரங்களை ஆராய்ந்தார்கள். அவர்களுடைய உடல்வாகு பெற்றவர்களை ஒத்திருந்தது, வளர்த்தவர்களை அல்ல. அதற்காக வீட்டுச் சாப்பாட்டுக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பரம்பரை, பழக்கம் இரண்டும் சேர்ந்துதான் பிள்ளை வளர்கிறான்.

என் அப்பா கனத்த உடம்புக்காரர். நானும் அப்படியே. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்று வளர்ந்த நான்தான், "இன்னும் ஒரு தோசை போட்டுக்கோடா" என்று பேரன் தட்டில் வைத்தவன். மருமகள் மட்டும் எப்படிக் குற்றவாளி ஆவாள்?

இன்று காலை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மாலையில் பேரனும் நானும் நடக்கக் கிளம்புகிறோம்.