எவர்சில்வருக்குள் இருக்கும் ஆஸ்டன்

யாங்கோனின் லத்தா, சீனர் பேட்டை. அதை ஒட்டிக் கிழக்கே பபேடான், இந்தியர் தெருக்கள். ஒரே சாப்பாட்டுத் தட்டுக்கு அங்கே மூன்று பெயர்கள் புழங்கும். சீனர் வைத்த பெயருக்குத் துருப்பிடிக்காத எஃகு என்று பொருள். பர்மியர் எஃகைத் தன்மணி என்கிறார்கள்; தன் என்றால் இரும்பு, மணி பாலி வழியாக வந்த சொல், நாம் சொல்லும் அதே மணி. தமிழர் வாயில் அது எவர்சில்வர். வெள்ளி ஒரு துளியும் இல்லாத உலோகத்துக்கு, என்றும் கறுக்காத வெள்ளி என்று பெயர்.

மூன்றும் மேனியைப் பார்த்து வைத்த பெயர்கள். உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறைக்கு வேறு பெயர் உண்டு: ஆஸ்டினைட். அந்தச் சொல்லின் கதை வினோதமானது.

வில்லியம் சாண்ட்லர் ராபர்ட்ஸ் லண்டன் அரச நாணயச்சாலையின் வேதியியலாளர். உறவினரான மேஜர் ஆஸ்டன் கேட்டுக்கொண்டபடி, 1885-இல் அரசு அனுமதியுடன் தம் பெயரோடு ஆஸ்டனைச் சேர்த்து ராபர்ட்ஸ்-ஆஸ்டன் ஆனார். இரும்பும் கரியும் எந்தச் சூட்டில் எப்படிக் கலந்து நிற்கும் என்று வரைபடம் போட்டுக் காட்டிய முன்னோடி அவர். பிரெஞ்சுக்காரரான ஃபுளோரிஸ் ஆஸ்மான், உயர்சூட்டில் இரும்பு கொள்ளும் அமைப்புக்கு அவர் பெயரை வைத்தார். ஒட்டுப்பெயர் மட்டும் சேராமல் இருந்திருந்தால் இன்று நாம் ராபர்ட்சைட் என்று படித்துக்கொண்டிருப்போம்! பெர்லினின் அடால்ஃப் மார்டென்ஸை நினைத்து, கடினமான இன்னோர் அமைப்புக்கு மார்டென்சைட் என்று பெயர் வைத்தவரும் ஆஸ்மானே. இரும்பின் மற்றோர் அமைப்பான ஃபெரைட் மட்டும் யாருடைய பெயரும் இல்லை. இரும்பைக் குறிக்கும் ஃபெர்ரம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

சாதாரண இரும்பில் ஆஸ்டினைட் ஆறினால் கலைந்துவிடும். போதிய நிக்கல் சேர்த்தால் அறைச்சூட்டிலும் அப்படியே நிற்கும். ஆகவே எந்தத் தனிமம் எவ்வளவு என்று தெரிந்தால், நுண்ணோக்கியைத் தொடுமுன்பே உள்ளமைப்பை ஓரளவு சொல்லிவிடலாம். பற்றவைப்பு உலோகத்துக்காக ஆன்டன் ஷேஃப்லர் 1949-இல் வெளியிட்ட வரைபடம் இதற்காகவே. குரோமியம், மாலிப்டினம், ஒன்றரை மடங்கு சிலிக்கான், அரை மடங்கு நையோபியம் ஆகியவற்றைக் கூட்டினால் ஃபெரைட்டை வளர்க்கும் பக்கம். நிக்கல், முப்பது மடங்கு கரி, அரை மடங்கு மாங்கனீசு ஆகியவற்றைக் கூட்டினால் ஆஸ்டினைட்டைக் காக்கும் பக்கம். கரிக்கு முப்பது என்பதைக் கவனியுங்கள். துளி கரி அத்தனை நிக்கலின் வேலையைச் செய்கிறது. ஷேஃப்லர் கணக்கில் இல்லாத நைட்ரஜனையும் பின்னர் டிலாங் சேர்த்தார்.

18.5 விழுக்காடு குரோமியம், 9 நிக்கல், 0.05 கரி, 1.5 மாங்கனீசு, 0.5 சிலிக்கான் உள்ள 304 என்ற எவர்சில்வர் வகையைப் பாருங்கள். குரோமியப் பக்கம் 19.25, நிக்கல் பக்கம் 11.25. வரைபடத்தில் அந்தப் புள்ளி, ஆஸ்டினைட்டும் சிறிது ஃபெரைட்டும் சேர்ந்த இடத்தில் விழுகிறது. அந்தச் சிறிது ஃபெரைட் பற்றவைப்புக்கு நல்லது. உறையும்போது வெடிப்பு விழாமல் காக்கிறது.

நம் கடைத்தெருவின் சோதனை காந்தம். ஆஸ்டினைட்டில் காந்தம் ஒட்டாது, அதனால் ஒட்டாதது உயர்ந்த சரக்கு என்பது நம்பிக்கை. இது பாதி உண்மைதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசும் நைட்ரஜனும் ஏற்றிய 202 வகையிலும் காந்தம் ஒட்டாது. மறுபுறம், நல்ல 304 தம்ளரின் வளைந்த விளிம்பில் லேசாக இழுக்கும். அழுத்தி வளைக்கும்போது அங்கே சிறிது ஆஸ்டினைட் மார்டென்சைட்டாகிறது. அதைக் கலப்படம் என்று சண்டை போடுவது நியாயமில்லை.

சேலம் உருக்காலை 1981-இல் தகடு உருட்டத் தொடங்கிய காலம் முதல் நம் வீடுகளில் இந்த உலோகம் பெருகிவிட்டது, பெயர் மட்டும் பழைய எவர்சில்வரே. அடுத்த முறை பாத்திரம் வாங்கும்போது காந்தத்தோடு நின்றுவிடாதீர்கள். 304-ஆ, 202-ஆ என்று கேளுங்கள். பாத்திரத்தைப் புரட்டி முத்திரையைப் பாருங்கள்.