உட்கார்ந்தே ஆபரேஷன் பண்ண முடியாதா?

வத்தலக்குண்டுன்னதும் பலருக்கு ஞாபகம் வர்ற பேர் சுப்பிரமணிய சிவா. 1884-ல் அங்கே பிறந்தவர். 1908-ல் வ.உ.சி.யோட கைதானார், சிறையில் தொழுநோய் வந்தது. விடுதலைக்கு அப்புறம், நோயைக் காட்டி ரயிலில் ஏறத் தடை. ஊர் ஊரா நடந்தே போய்ப் பேசினார். 1925 ஜூலையில் இறந்தார்.

அதே வருஷம் மே மாசம் கொச்சிப் பக்கம் பிறந்தவர் மேரி வர்கீஸ். வேலூர் சிஎம்சியில் டாக்டர். 1954-ல் ஒரு வாகன விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே எதுவும் அசையல.

ஆழ்ந்த கிறிஸ்தவ விசுவாசம் உள்ளவங்க. மனசு உடைஞ்ச அந்த மாசங்களில் ஜெபத்தைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க. கால் திரும்பி வரல. ஆனா கேள்வி மாறுச்சு: மிச்சம் இருக்கிற கையை வச்சு என்ன செய்யலாம்?

சர்ஜன் பால் பிராண்ட் வழி காட்டினார். தொழுநோய் நரம்பைக் கெடுக்கும். விரல்கள் மடங்கிப் போகும். நல்லா இருக்கிற தசைநாரை இடம் மாத்திக் கட்டினா விரல் மறுபடி வேலை செய்யும். இந்த ஆபரேஷனை உட்கார்ந்தே பண்ணலாம். மேரி சக்கர நாற்காலியிலிருந்தே பண்ணினாங்க. வார்டில் அவங்களைப் பார்த்த நோயாளிகளுக்கு, 'இவங்களாலயே முடியுதே'ன்னு ஒரு தெம்பு.

அப்புறம் நியூயார்க்கில் பயிற்சி, 1966-ல் வேலூரில் மறுவாழ்வு மையம், 1972-ல் பத்மஸ்ரீ.

நம்பிக்கைன்னா இழந்தது திரும்பக் கிடைக்கும்னு காத்திருக்கிறதுன்னு நினைக்கிறோம். மேரிக்கு அது கிடைக்கவே இல்ல. ஆனா சிவாவை ரயிலில் ஏத்தவிடாத அதே நோய் வந்தவங்களோட கையை, நடக்க முடியாத ஒரு டாக்டர் பிடிச்சுச் சரிபண்ணினாங்க.